தளத்துக்குள்ளே சாம்பல் இருக்கு... அதை வீட்டுக்காரரிடம் யார் சொல்வது?

தருமபுரி மாவட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் நாள் என்றால் பாதித் திருவிழா. விடியும் முன்பே கலவை மெஷின் வந்து நின்றுவிடும். மேஸ்திரி கற்பூரம் காட்டச் சொல்வார். முதல் சட்டிக் கலவையை வீட்டுப் பெரியவர் கையால் போட வைப்பார்கள். மதியம் வேலையாட்களுக்குச் சாப்பாடு, வசதியுள்ள வீடுகளில் பிரியாணி. பொழுது சாய்வதற்குள் பல வருடச் சேமிப்பு மொத்தமும் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும்.

அன்று காலியாகி ஓரமாகக் கிடக்கும் சிமென்ட் பைகளில் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 'பி.பி.சி.' என்று இருக்கும். போர்ட்லண்ட் பொஸலானா சிமென்ட். பிராண்ட் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கொஞ்சம் தேடினால், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், 'ஃப்ளை ஆஷ்' இத்தனை சதவீதம் என்று ஒரு வரி கண்ணில் படும். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய சாம்பல் அது. இந்திய தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 1489) இந்த வகை சிமென்ட்டில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஐந்து அங்குல கனத்தில் போட்டால் சுமார் மூன்றரை கன மீட்டர் கான்கிரீட். கன மீட்டருக்கு 8 மூட்டை என்று வைத்தால் 28 மூட்டை, அதாவது 1,400 கிலோ சிமென்ட். அதில் குறைந்தது 210 கிலோ, அதிகபட்சம் 490 கிலோ சாம்பல். இது கூரைக்கு மட்டும்தான். அஸ்திவாரம், சுவர், பூச்சு எல்லாம் தனி.

ஆக, 'தொழிற்சாலைக் கழிவைக் கான்கிரீட்டில் பயன்படுத்தலாமா?' என்ற கேள்விக்கு எப்போதோ பதில் எழுதப்பட்டுவிட்டது. பயன்படுத்தியாகிவிட்டது. இந்தியாவில் விற்கும் சிமென்ட்டில் பெரும்பகுதி ஏதோ ஒரு கழிவு கலந்த கலப்பு சிமென்ட்தான். அது தப்பும் இல்லை. சரியாகக் கையாண்டால் நல்லதும்கூட. ஆனால் அந்த 'சரியாகக் கையாளுவது' எப்படி என்பது வீடு கட்டுபவருக்குச் சொல்லப்படவே இல்லை. தருமபுரி மாதிரி வறண்ட மாவட்டத்தில் அந்த மௌனத்துக்குக் கொடுக்கும் விலை அதிகம்.

சாம்பல் எப்படிப் பலமாகிறது?

சிமென்ட்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டால் கிடைக்கும் கட்டிகள். அந்தச் சூட்டுக்கு எரிக்கும் எரிபொருளிலிருந்து வரும் புகை ஒரு பங்கு. அதைவிடப் பெரிய பங்கு கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் உடையும்போதே கார்பன் டை ஆக்சைடை வெளியே விடும். சூளை முழுவதையும் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. ஒரு டன் கிளிங்கருக்கு 800 கிலோவுக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு. மனிதர்கள் உலகம் முழுக்க வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் துறையின் கணக்கில் எழுதப்படுவது இதனால்தான்.

எனவே கிளிங்கரைக் குறைப்பதே வழி. அதற்குப் பதில் என்ன போடுவது?

நிலக்கரி எரியும்போது அதோடு கலந்திருக்கும் மண் உருகி, புகையோடு மேலே போய், சட்டென்று குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளாக மாறும். அதுதான் ஃப்ளை ஆஷ். தண்ணீர் ஊற்றினால் தானாக இறுகாது. ஆனால் சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒரு வகைச் சுண்ணாம்பை உபரியாக விடும். அந்தச் சுண்ணாம்போடு சாம்பல் சேர்ந்து, சிமென்ட் தருகிற அதே பசையைத் தானும் உருவாக்கும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்ணிய ஓட்டைகள் அடைபடும். தண்ணீரும் உப்பும் உள்ளே இறங்கிக் கம்பியை அரிப்பது குறையும். இறுகும்போது கிளம்பும் சூடும் குறைவு. அதனால் பெரிய தளங்களில், வெயில் ஊர்களில், வெப்ப விரிசல் வரும் வாய்ப்பும் குறையும்.

இது புதுசும் இல்லை. செங்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்போடு கலக்கும் 'சுர்க்கி' தமிழ்நாட்டுக் கொத்தனார்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கலவை. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையில் இருப்பது சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவைதான். சுட்ட மண் சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் அதே வேதியியல். செங்கல் சூளையின் இடத்தில் இன்றைக்கு அனல் மின் நிலையக் கொதிகலன் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒரு விஷயம். சாம்பல் வேலை செய்வது மெதுவாக. சிமென்ட் முதலில் இறுகி, சுண்ணாம்பை விட்ட பிறகுதான் சாம்பலின் முறை வரும். அதுவரை கான்கிரீட்டுக்குள் ஈரம் இருந்தாக வேண்டும். காய்ந்துபோனால் சாம்பல் வெறும் பொடியாக உள்ளேயே தங்கிவிடும்.

7 நாளா, 10 நாளா, 14 நாளா?

கான்கிரீட் வேலைக்கு இந்தியாவின் அடிப்படை விதிநூல் ஐ.எஸ். 456. கடைசியாக முழுமையாகத் திருத்தப்பட்டது 2000-ல். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும் என்கிறது அது. சாம்பலோ கசடோ கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள். வறண்ட, வெயில் அதிகமான ஊர் என்றால் எந்த சிமென்ட்டாக இருந்தாலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. கலப்பு சிமென்ட்டுக்கு அதை 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது.

பங்குனி வெயிலில் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பி.பி.சி. சிமென்ட்டில் தளம் போட்டால், விதிநூல் சொல்வது 14 நாள். களத்தில் நடப்பது? மூன்று நாள் நன்றாகத் தண்ணி விடுவார்கள். நாலாம் நாள் காலையில் மட்டும். அதற்கப்புறம் யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவர்கள்.

இதில் சோம்பேறித்தனம் என்று யாரையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் புரியும். 300 சதுர அடித் தளத்தில் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த 1,400 லிட்டர் வேண்டும். வெயிலில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் அதை ஈடுகட்ட ஒரு நாளைக்கு சுமார் 140 லிட்டர். பத்துக் குடம். 14 நாளுக்கு மொத்தம் சுமார் 3,400 லிட்டர். அத்தனையும் ஏணி வழியாக மேலே போக வேண்டும், மோட்டார் இல்லாத வீடு என்றால் பெண்களின் தலையிலும் இடுப்பிலும்.

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டம் இது. குடிக்க வரும் தண்ணீரைத் தளத்துக்கு ஊற்ற மனசு வராது. போர்வெல் தண்ணீர் சில ஊர்களில் உப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அதே விதிநூல். தளத்தை நனைக்கும் தண்ணீரும் அதே தரத்தில் இருப்பதுதான் முறை. அதை யார் சோதிக்கிறார்கள்? டேங்கர் வாங்கினால் தனிச் செலவு. அந்தச் செலவு எந்த எஸ்டிமேட்டிலும் தனி வரியாக வருவதில்லை.

இன்னொரு அவசரம் சென்ட்ரிங்கில் இருக்கிறது. ஷீட்டும் முட்டும் வாடகைக்கு. எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனைக்குப் பணம். அடுத்த வீட்டு வேலைக்கு அதே ஷீட் போக வேண்டும். நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு முட்டை 7 நாள் கழித்து எடுக்கலாம் என்று விதி உண்டு. ஆனால் அது சாதாரண சிமென்ட்டுக்குச் சொன்னது. மற்ற சிமென்ட்டுக்கு அதைத் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும். ஏன் என்பதற்கு இந்த எண்களே போதும். தர நிர்ணயத்தின் குறைந்தபட்ச வலிமைப்படி, 53 கிரேடு சாதாரண சிமென்ட் ஏழாம் நாளில் 37 மெகாபாஸ்கல் காட்ட வேண்டும். பி.பி.சி. ஏழாம் நாளில் 22 காட்டினால் போதும். 28-ம் நாளில்தான் அது 33-ஐத் தொட வேண்டும். பையில் அடைபட்டு வரும் இரண்டுக்கும் ஏழாம் நாளில் இவ்வளவு இடைவெளி இருக்கும்போது, இரண்டுக்கும் ஒரே நாளில் முட்டைப் பிரிப்பது எப்படிச் சரியாகும்?

'53 கிரேடு போட்டாத்தாங்க பலம், பி.பி.சி. எல்லாம் பூச்சு வேலைக்குத்தான்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு தப்பு. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் பாவம், கொத்தனார்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். மூன்று நாளில் தண்ணீரை நிறுத்தி, ஏழு நாளில் முட்டைப் பிரித்தால், பி.பி.சி. தளம் பலவீனமாகத்தான் தெரியும். அதே தளத்துக்கு 14 நாள் ஈரம் கிடைத்திருந்தால் சில மாதங்களில் சாதாரண சிமென்ட்டை எட்டிப் பிடித்திருக்கும். இந்தச் சிமென்ட் கேட்பது பொறுமையும் தண்ணீரும். ஏழை வீட்டுக் கட்டுமானத்தில் இல்லாத இரண்டும் அவைதான்.

சுற்றிலும் கழிவு, நடுவில் தருமபுரி

கான்கிரீட்டுக்குள் போகக்கூடிய கழிவுகள் இந்த மாவட்டத்தைச் சுற்றிக் குவிந்திருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

தருமபுரியிலிருந்து தொப்பூர், மேச்சேரி வழியாகப் போனால் சுமார் 60 கிலோமீட்டரில் மேட்டூர் அனல் மின் நிலையம். 210 மெகாவாட் அலகுகள் நான்கு, பிறகு வந்த 600 மெகாவாட் அலகு ஒன்று, ஆக 1,440 மெகாவாட். இந்திய நிலக்கரியில் 100 டன் எரித்தால் 30 டன்னுக்கும் மேல் சாம்பல் மிஞ்சுவது சாதாரணம். நாடு முழுக்க 2021-22-ல் உருவான நிலக்கரிச் சாம்பல் மட்டும் சுமார் 27 கோடி டன். அது கான்கிரீட்டுக்கோ செங்கல்லுக்கோ போகாவிட்டால் சாம்பல் குட்டையில் போய்த் தேங்கும். குட்டை உடைந்தாலோ குழாய் கசிந்தாலோ என்ன ஆகும் என்பதற்கு எண்ணூரும் கொசஸ்தலை ஆறும் சாட்சி.

அதே மேட்டூர்ச் சாலையில், பொட்டனேரியில், ஜே.எஸ்.டபிள்யூ.வின் இரும்பு ஆலை. இரும்பை உருக்கும்போது மிதக்கும் கசடை வேகமாகத் தண்ணீரில் குளிர வைத்து அரைத்தால் அதுவும் சிமென்ட்டில் சேரும். 'ஸ்லாக் சிமென்ட்' என்று விற்பதில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு இருக்கலாம். கடலோரக் கட்டடங்களுக்கு இது நன்றாக ஒத்துவரும்.

மாவட்டத்துக்குள்ளேயே பாலக்கோட்டிலும், அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள். கரும்புச் சக்கையை எரித்த சாம்பலிலும் சிலிக்கா உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மனு சந்தானமும் ஆய்வாளர் பகுருதீனும் பத்தாண்டுகளுக்கு முன்பே இதை விரிவாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆலையிலிருந்து வரும் சாம்பலை அப்படியே போட்டால் பயனில்லை. அதில் வேகாத நார் அதிகம். சல்லடையில் சலித்து அந்த நாரை நீக்கி, சிமென்ட் அளவுக்கு மாவாக அரைத்தால் நல்ல கலவைப் பொருள் ஆகிறது என்பது அவர்கள் கண்டது. சலிப்பதும் அரைப்பதும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. மாவு மில் தெரிந்த ஊர்தான் இது. ஆனாலும் சக்கைச் சாம்பல் விஷயத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அப்படியே இருக்கிறது. முதலில் நடைபாதைக் கற்களில் பயன்படுத்திப் பார்க்கலாம். பஞ்சாயத்துத் தெருவெல்லாம் இப்போது பேவர் பிளாக்தானே. அங்கே ஒரு கல் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். கூரையை அப்படி மாற்ற முடியாது.

எல்லாக் கழிவும் கான்கிரீட்டுக்கு ஆகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரும்புக் கசடும் எஃகுக் கசடும் பெயரில்தான் பக்கத்து வீடு. எஃகுக் கசடில் வேகாத சுண்ணாம்பு இருந்தால் பிற்பாடு ஈரம் பட்டு உப்பும், கான்கிரீட் வெடிக்கும். அதனால்தான் ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டில் எஃகுக் கசடை ஜல்லியாகவோ மணலாகவோ சேர்க்க அனுமதிக்கவில்லை. தாமிரக் கசடுக்கு அனுமதி உண்டு, மணலில் 35 சதவீதம் வரை. ஆனால் தூத்துக்குடியில் உப்பாற்றின் ஓரம் குவிக்கப்பட்ட தாமிரக் கசடைப் பற்றிய சர்ச்சை, 2018-ல் ஆலை மூடப்பட்ட பிறகும் ஓயவில்லை. 'கான்கிரீட்டில் போடலாம்' என்ற ஒரு வரி, எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

எம்-சாண்ட் என்ற பெயரில் என்ன வருகிறது?

தருமபுரியின் சொந்தச் சரக்கு கல். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் கிரானைட் இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. கிரானைட் குவாரியில் விலை போவது விரிசல் இல்லாத, நிறம் ஒத்த பெரிய பாளங்கள் மட்டும். மீதி எல்லாம் குவாரி ஓரத்தில் மலையாகக் குவியும். அதை உடைத்து ஜல்லியும் மணலும் ஆக்கினால் கான்கிரீட்டுக்கு அருமையான பொருள். புதிதாக இன்னொரு குன்றை வெடி வைத்துத் தகர்க்கவும் தேவையில்லை.

ஆனால் கடைக்கு வரும் எம்-சாண்ட் எல்லாம் இப்படிக் கழிவிலிருந்து பிறந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மணலுக்காகவே உடைத்த புதுக் கல்லும் அதில் உண்டு. ஆற்று மணலைக் காப்பாற்றியது என்ற அளவில் எம்-சாண்ட்டுக்கு ஒரு நன்றி சொல்லலாம். 'பசுமை' என்ற பட்டத்தைக் கொடுக்கும் முன், எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

அதைவிட அவசரமான கேள்வி இன்னொன்று. வருவது எம்-சாண்ட்தானா? ஜல்லி உடைக்கும்போது அடியில் மிஞ்சும் கிரஷர் தூளும் எம்-சாண்ட்டும் லாரியில் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எம்-சாண்ட் என்பது மணலின் வடிவத்துக்காகத் தனி எந்திரத்தில் உடைத்து, சலித்து, கழுவி எடுப்பது. கிரஷர் தூளில் மாவு மாதிரியான பொடி அதிகம், துகள்கள் தட்டையும் கூருமாக இருக்கும். பொடி தண்ணீரை உறிஞ்சும். கலவை இறுகலாக இருக்கிறதே என்று சித்தாளிடம் இன்னொரு வாளி ஊற்றச் சொல்வார் மேஸ்திரி. அந்த ஒரு வாளியில் கான்கிரீட்டின் பலம் கரைந்துபோகும். சாம்பல் கலந்த சிமென்ட், பொடி கலந்த மணல், கூடுதல் தண்ணீர், மூன்று நாள் ஈரம். இவை நான்கும் ஒரே தளத்தில் சேரும்போதுதான் ஐந்தாம் வருடத்தில் சீலிங்கில் கம்பி துருத்திக்கொண்டு தெரியும்.

2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு எம்-சாண்ட்டுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. பொதுப்பணித் துறை தரம் பார்த்து ஆலைகளுக்கு ஒப்புதல் கொடுக்கும் முறையும் உண்டு. 'உங்க ஆலைக்கு ஒப்புதல் இருக்கா, ரசீது தருவீங்களா?' என்று கேட்கும் உரிமை வீடு கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒரு யூனிட்டுக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் என்று ரசீது இல்லாத லோடை இறக்குபவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த லோடின் மேல்தான் குடும்பம் தூங்கப் போகிறது.

விதி எல்லாம் யாருக்காக?

சாம்பலை வெளியேற்ற மத்திய அரசு 1999 முதல் அறிவிக்கை மேல் அறிவிக்கை போட்டு வருகிறது. 2021 டிசம்பர் 31-ல் வந்தது கடுமையானது. சாம்பலை முழுவதுமாகப் பயன்படுத்தியே ஆக வேண்டும், தவறினால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு. அனல் மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் சாலை, மேம்பாலக் கரை போன்ற வேலை செய்பவர்கள் சாம்பலைப் பயன்படுத்தியாக வேண்டும். தருமபுரி முழுக்க மேட்டூரின் அந்த வட்டத்துக்குள் அடக்கம்.

இவை அவசியமான விதிகள். ஆனால் கவனித்துப் பார்த்தால், எல்லா விதியும் சாம்பல் கிளம்பும் இடத்தைத்தான் பார்க்கிறது. மின் நிலையம் சாம்பலை விட்டதா, சிமென்ட் ஆலை எடுத்ததா, கணக்கு நேரானதா. சாம்பல் போய்ச் சேரும் இடம், அதாவது தருமபுரியின் ஏதோ ஒரு கிராமத்துக் கூரை, எந்தப் படிவத்திலும் இல்லை. மின் நிலையத்துக்குச் சுமை குறைகிறது. சிமென்ட் நிறுவனத்துக்குக் கிளிங்கர் செலவு குறைகிறது, 'கார்பனைக் குறைத்தோம்' என்று ஆண்டறிக்கையில் படம் போட்டுக்கொள்ள முடிகிறது. கூடுதல் நாட்களுக்கான தண்ணீரும், கூடுதல் சென்ட்ரிங் வாடகையும், தப்பினால் வரும் விரிசலும் மட்டும் வீட்டுக்காரருடையது. பூமிக்கு நல்லது செய்வதன் செலவை மொத்தமாகத் தூக்குபவர், தான் அதைத் தூக்குகிறோம் என்று தெரியாதவர்.

சாம்பலே கூடாது, பழைய 53 கிரேடுக்கே திரும்பலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. அப்படித் திரும்பினால் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் புகையும்தான் கூடும். சாம்பல் கலந்த கான்கிரீட்டின் ஆயுளும் தரமும் உலகம் முழுக்கப் பார்த்த ஒன்று. கலப்பு சிமென்ட்டின் கதை இத்தோடு நிற்கப் போவதும் இல்லை. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல் பொடியையும் சேர்க்கும் 'எல்.சி.3' வகை சிமென்ட்டுக்கு 2023-ல் இந்திய தர நிர்ணயம் வந்துவிட்டது. அந்த ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு. நாளைக்கு அதுவும் மூட்டையாக ஊருக்கு வரும். அப்போதும் பையில் பொடி எழுத்துதானா?

செய்ய வேண்டியதில் பெரிய செலவு எதுவும் இல்லை. சிமென்ட் பையில் 'இதில் நிலக்கரிச் சாம்பல் 30 சதவீதம், குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் தண்ணீர் விடவும்' என்று தமிழில் பெரிதாக அச்சிட ஒரு பைசாவும் கூடாது. சிகரெட் அட்டையிலேயே படம் போட வைத்த நாட்டில் இதற்கு ஏன் தயக்கம்?

கனவு இல்லத் திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது அரசின் இலக்கு. ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், கட்டுமானம் எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்பத் தவணையாக வரும். தளம் போட்டதும் தளத்தின் போட்டோ கேட்கும் அதிகாரிகள், பத்தாம் நாள் பாத்தியில் தண்ணீர் நிற்கும் போட்டோவையும் கேட்டால் என்ன? அதோடு, 3,400 லிட்டர் தண்ணீருக்கும் ஒரு வார சென்ட்ரிங் வாடகைக்கும் எஸ்டிமேட்டில் ஒரு வரி வேண்டும். பணம் கொடுக்காமல் போட்டோ மட்டும் கேட்டால் அதுவும் வீட்டுக்காரர் தலையில் இன்னொரு சுமைதான்.

செட்டிக்கரையில் அரசுப் பொறியியல் கல்லூரி 2013 முதல் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டியை அழுத்திப் பார்ப்பது பொறியியல் மாணவர்களின் வழக்கமான பயிற்சி. மாவட்டத்தில் அரசுப் பணத்தில் போடப்படும் தளங்களில் நூற்றுக்கு ஒன்றிலிருந்தாவது கட்டி எடுத்து அங்கே உடைத்துப் பார்த்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டலாம். கடைக்காரருக்கும் கிரஷர்காரருக்கும் அந்த ஒரு தாள் சொல்லும் சேதி பத்துச் சுற்றறிக்கை சொல்லாது.

அதுவரை வீட்டுக்காரர் கையில் இருப்பது சில எளிய வேலைகள். பையின் பின்பக்கத்தைப் படிப்பது. பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது. தண்ணீர் பற்றாத இடத்தில் நனைத்த சாக்கை விரித்து மேலே பாலித்தீன் ஷீட்டை மூடுவது. ஆவியாவது பெருமளவு குறைந்து, பத்துக் குடம் போகும் இடத்தில் சில குடங்களிலேயே ஈரம் நிற்கும். முட்டைப் பிரிக்க மேஸ்திரி அவசரப்பட்டால், 'பி.பி.சி.ண்ணா இது, இன்னும் ஒரு வாரம் நிக்கட்டும்' என்று சொல்லிப் பார்ப்பது.

இன்னொன்று, நாள் பார்ப்பது. வைகாசி முகூர்த்தத்தில் கிரகப்பிரவேசம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுவதால்தான் தளம் பங்குனி, சித்திரை வெயிலில் போய் விழுகிறது. தருமபுரிக்கு மழை தருகிற ஐப்பசியில் தளம் ஏறினால், போட்ட அன்றைக்கு மட்டும் தார்ப்பாய் தயாராக இருந்தால் போதும். மறுநாளிலிருந்து பெய்யும் ஒவ்வொரு மழைக்கும் பத்துக் குடம் மிச்சம்.